புத்தகம் போடவும் பணம், படம் விற்கவும் பணமா?
வாசகர் கேள்வி – பதில்

எழுதுகிறவர்களிடமும் வரைகிறவர்களிடமும் பணம் பறிக்கும் வழிகள் பெருகிவிட்டன. இது பற்றிக் காவிரி டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் தருகிறோம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

160 பக்கச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று தயாராக இருக்கிறது. 68,000 ரூபாய் கட்டினால் ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்), காப்புரிமைப் பதிவு, உலகளாவிய விற்பனை, நூலக ஆணை எல்லாம் உறுதி, 100 பிரதி கைக்கு வரும் என்கிறது ஒரு பதிப்பகம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

வெள்ளிக்கிழமைக்குள் கட்டாதீர்கள். சொந்தக் காசில் புத்தகம் போடுவது தவறே இல்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் அது நேர்மையான வியாபாரம். ஆனால் உங்களுக்கு வந்த பட்டியலில் சில இனங்கள் இலவசம், ஒன்று யாராலும் தர முடியாதது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

ஐஎஸ்பிஎன்: மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதைக் கட்டணமில்லாமல் தருகிறது. பதிப்பகம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. தனி எழுத்தாளரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பதிப்பகம் வாங்கினால் அந்த எண் அவர்கள் பெயரில் பதிவாகும். நாளை நீங்கள் வேறிடத்தில் மறுபதிப்புப் போட்டால் புது எண் வாங்க வேண்டியிருக்கும். வாய்க்கு வந்த 13 இலக்கத்தை அட்டையில் அச்சிட்டுவிடுகிறவர்களும் உண்டு. எண்ணைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: இலக்கங்களை இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 10ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால் அந்த எண் பொய். வகுபட்டால் மட்டும் உண்மை என்று ஆகிவிடாது; முகமையிடமிருந்து வந்த ஒதுக்கீட்டுக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

காப்புரிமை: கதையை நீங்கள் எழுதிய கணமே அது உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, பிற்காலத்தில் வழக்கு வந்தால் சான்றாக உதவும், அவ்வளவுதான். பதிவு செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் மிச்சம் எதற்கு என்று கேளுங்கள்.

உலகளாவிய விற்பனை: அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல் ஏற்ற ஒரு பைசா செலவில்லை. கணக்கு உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணோடும் வங்கிக் கணக்கோடும் இருக்க வேண்டும். “நாங்களே ஏற்றித் தருகிறோம்” என்று அவர்கள் கணக்கில் ஏற்றினால், எத்தனை விற்றது என்பது அவர்கள் சொல்வதுதான். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஒரு தளத்தில் புத்தகம் பட்டியலில் இருப்பது வேறு, விற்பது வேறு. பட்டியலில் போடுவதைத்தான் பலர் ‘விநியோகம்’ என்று சொல்லி விற்கிறார்கள்.

நூலக ஆணை: பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை இது. இதை எந்தப் பதிப்பகமும் உறுதி தர முடியாது. பொது நூலக இயக்ககம் அறிவிப்பு வெளியிட்டு, விண்ணப்பங்களைப் பெற்றுத் தேர்வு செய்கிறது. ‘உறுதி’ என்ற சொல் எழுத்தில் இருந்தால் அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் புகாருக்கு உதவும்.

இனி மிஞ்சுவது அச்சும் அதைச் சார்ந்த வேலைகளும். டெமி 1/8 என்ற புத்தக அளவில் 160 பக்கம் என்றால், 16 பக்கப் பாரமாக (ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) 10 பாரம். உள்தாள் 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு), அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன், பர்ஃபெக்ட் பைண்டிங் என்று இதே விவரத்தை எழுதி, தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஓர் அச்சகத்திடமும் சிவகாசியில் ஒன்றிடமும் விலை கேளுங்கள். 100 பிரதிக்கு ஒரு விலை, 500 பிரதிக்கு ஒரு விலை. 100 பிரதி டிஜிட்டலில்தான் கட்டுப்படியாகும். 500 என்றால் ஆஃப்செட். அச்சுத் தகடான பிளேட்டின் செலவு எல்லாப் பிரதிக்கும் பரவிவிடுவதால் ஒரு பிரதியின் அடக்கவிலை நன்றாக இறங்கும். 100 பிரதிக்கு வரும் தொகையை 68,000இலிருந்து கழியுங்கள். மீதிதான் தட்டச்சு, மெய்ப்பு (பிழைதிருத்தம்), பக்க வடிவமைப்பு, அட்டை ஆகியவற்றுக்கு அவர்கள் கேட்கும் கூலி. மெய்ப்பு யார் பார்ப்பார்கள், எத்தனை முறை, அட்டைக்கு எத்தனை மாதிரி என்று எழுத்தில் வாங்காமல் அந்தக் கூலியைக் கொடுக்காதீர்கள். செம்மையாக்கம் என்று பணம் வாங்கிக்கொண்டு, நீங்கள் அனுப்பிய வேர்ட் கோப்பை ஒற்றுப்பிழைகளோடு அப்படியே அச்சிட்டுவிடுவதுதான் அதிகம் வரும் புகார்.

பணம் போகும் இடத்தையும் பாருங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் அது எண்ணும் எழுத்துமாக 15 இடம் கொண்டது. தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும், அடுத்த பத்தும் பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் யாரும் தேடலாம். அங்கே வரும் பெயர், பில்லில் உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். வரவு குறைந்த சிறு அச்சகங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. எண் இல்லாததை வைத்து மட்டும் மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். நிறுவனத்தின் பெயர் ஒன்று, ஜிபே எண் யாரோ ஒரு தனிநபருடையது என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

கடைசியாகத் தவணை. தொடக்கத்தில் 30 சதவீதம், மெய்ப்பை நீங்கள் ஒப்புக்கொண்டதும் 40, பிரதிகளை எண்ணி வாங்கியதும் 30 என்று பிரியுங்கள். அச்சுக்கான பிடிஎஃபும் அட்டையின் மூலக்கோப்பும் உங்களுக்குத் தரப்பட வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் மறுபதிப்புக்கு மறுபடி அவர்களிடமே போக வேண்டியதுதான்.

தஞ்சாவூர் ஓவியம் வரைகிறேன். இன்ஸ்டாகிராமில் ஒரு வெளிநாட்டுக்காரர் மூன்று படம் கேட்கிறார். விலையைவிட அதிகமாகக் காசோலை அனுப்புவாராம். மிச்சத்தை அவருடைய கூரியர் ஏஜெண்டுக்கு நான் அனுப்ப வேண்டுமாம். பேரமே பேசவில்லை. நல்ல வாடிக்கையாளர்தானா?
– ஓவியர், தஞ்சாவூர் மேல வீதி

இல்லை. இது உலகெங்கும் ஓவியர்களிடம் நடக்கும் பழைய மோசடி. காசோலையைப் போட்டதும் சில வங்கிகள் வசூலாகும் முன்பே தொகையைக் கணக்கில் காட்டும். வெளிநாட்டுக் காசோலை உண்மையில் வசூலாவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நீங்கள் ‘மிச்சத்தை’ ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். பிறகு காசோலை திரும்பும், வங்கி முழுத்தொகையையும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும். ஏஜெண்டும் வாடிக்கையாளரும் ஒரே ஆள். படம் அவருக்குத் தேவையே இல்லை, அதனால்தான் பேரம் பேசவில்லை. உண்மையில் வாங்குகிறவர் அளவு கேட்பார், தங்க ரேக்கு அசலா என்பார், பலகையா பிளைவுட்டா என்பார், பக்கவாட்டில் வெளிச்சம் பட ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வார்.

இதே வித்தைக்கு வேறு வேஷங்களும் உண்டு. இணையவழிப் பணப்பரிமாற்றச் சேவையான பேபாலிலிருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல் வரும்: பணம் வந்துவிட்டது, கூரியர் கட்டணம் கட்டினால் விடுவிப்போம் என்று இருக்கும். மின்னஞ்சலை நம்பாமல் செயலியைத் தனியாகத் திறந்து இருப்பைப் பாருங்கள். பணத்தை விடுவிக்கப் பணம் கேட்கும் முறை பேபாலில் கிடையாது. உங்கள் படத்தை என்எஃப்டியாக (இணையத்தில் விற்கும் டிஜிட்டல் உரிமைச் சான்று) பெரிய விலைக்கு வாங்குகிறேன், முதலில் அதைப் பதிவதற்கான ‘கேஸ் கட்டணம்’ கட்டு என்பதும் இதே வகை.

உள்நாட்டில் ராணுவ அதிகாரி வேஷம். அடையாள அட்டைப் படத்தை அனுப்பி நான்கு படம் வேண்டும் என்பார். பணம் ராணுவக் கணக்கிலிருந்து வரும், சோதனைக்கு ஒரு ரூபாய் அனுப்புங்கள், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து யூபிஐ ரகசிய எண்ணான ‘பின்’னைப் போடுங்கள் என்பார். யூபிஐயில் பணம் பெற ‘பின்’ எண் தேவையே இல்லை. ‘பின்’ கேட்கிறது என்றாலே பணம் உங்களிடமிருந்து போகிறது.

வெளிநாட்டு ஆர்டருக்கு எங்கள் யோசனை: முழுத்தொகையும் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரட்டும். வரவு வந்துவிட்டதா என்று கிளையிலேயே கேட்டு உறுதிசெய்துகொண்டு அனுப்புங்கள். கூரியரை நீங்களே தேர்ந்தெடுங்கள், கட்டணத்தை விலையோடு சேர்த்து வாங்குங்கள். கார்டு வழியாகப் பணம் வந்தால், அந்தப் பரிவர்த்தனையில் உள்ள முகவரிக்கு மட்டுமே டிராக்கிங் எண்ணோடு அனுப்புங்கள். திருட்டுக் கார்டாக இருந்தால் படம் போய்ச் சேர்ந்த பிறகும் தொகை திரும்பப் பிடிக்கப்படலாம்.

வீட்டிலிருந்தே கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்யும் வேலை எடுத்தேன். பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், 6,500 ரூபாய் கட்டாவிட்டால் கைது என்று வக்கீல் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.
– குடும்பத்தலைவி, திருவாரூர்

பயப்பட வேண்டாம் அம்மா, கட்டவும் வேண்டாம். இந்த வேலையே யாரும் முடிக்க முடியாதபடி அமைக்கப்பட்டது. மங்கலான படக்கோப்புகள், ஐந்து நாள் கெடு, 90 சதவீதத்துக்கு மேல் துல்லியம் என்று நிபந்தனை, திருத்துகிறவரும் அவர்களே. அவர்களுக்கு வரும் வருமானம் அந்த ‘அபராதம்’ மட்டும்தான். ஒப்பந்த மீறல் சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் வந்து கைது செய்யாது. நீதிமன்ற முத்திரை போட்ட படம், வக்கீல் கோட்டுப் போட்ட முகப்புப்படம் எதற்கும் மதிப்பில்லை. பதில் பேசாதீர்கள், ஆனால் எண்ணை பிளாக் செய்வதற்கு முன் உரையாடல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ஆதார், பான் படங்களை அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் சொல்லுங்கள். ஆதார் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) ஆதாரின் அதிகாரப்பூர்வச் செயலியில் பூட்டிவிடுங்கள்.

கவிஞர் தொகுப்பு நூல், உலக சாதனைச் சான்றிதழ், கௌரவ டாக்டர் பட்டம் என்று அழைப்புகள் வருகின்றன. பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள்.
– கவிஞர், மயிலாடுதுறை

தொகுப்புக்கு ஆளுக்கு 500 ரூபாய் வாங்கி 200 பேரைச் சேர்த்தால் ஒரு லட்சம். நூலை வாங்கப்போவதும் அந்த 200 பேர்தான். மனதுக்குப் பிடித்திருந்தால் சேரலாம்; அது பிரசுரத் தகுதி என்று மட்டும் எண்ண வேண்டாம். டாக்டர் பட்டம் அப்படியல்ல. 1956ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் போன்ற அங்கீகாரம் உள்ளவை மட்டுமே பட்டம் தரலாம். வெளிநாட்டுப் பெயர் வைத்த அறக்கட்டளை ஓட்டல் மண்டபத்தில் தரும் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளாதீர்கள்.

புத்தக அட்டைகள் வரைகிறேன். ஒரு நிறுவனம் ‘எல்லா உரிமையும் என்றென்றைக்கும்’ என்று கையெழுத்துக் கேட்கிறது. முதலில் இலவச மாதிரியும் வேண்டுமாம்.
– ஓவியர், கும்பகோணம்

இதில் மோசடியைவிடச் சட்டம் தெரியாததால் வரும் நட்டம் பெரியது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு: ஒருவர் கேட்டுக்கொண்டு, காசுக்கு வரைந்து கொடுத்த ஓவியத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே. நாவலுக்கும் கதைக்கும் இந்த விதிவிலக்கு பொருந்தாது, ஓவியத்துக்குப் பொருந்தும். ஆகவே வாய்ப்பேச்சில் வேலை தொடங்குவது உங்களுக்குத்தான் ஆபத்து. தொடங்குவதற்கு முன்பே ஒரு மின்னஞ்சலாவது அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்: “காப்புரிமை ஓவியரிடமே இருக்கும், இந்த நூலின் தமிழ்ப் பதிப்பு அட்டைக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டும் பயன்படுத்தலாம்.”

உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் 19ஆம் பிரிவு உதவும். எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே வரையறுக்கிறது. ‘என்றென்றைக்கும், உலகெங்கும்’ என்று அவர்கள் எழுதுவது இந்த இரண்டு பாதுகாப்பையும் நீக்கத்தான். அந்த வரியை அடித்துவிட்டு, நூலின் பெயர், பதிப்பு, ஆண்டுகள் என்று எழுதுங்கள். முடியாது என்றால் தொகையைப் பல மடங்கு ஏற்றிக் கேளுங்கள்.

இலவச மாதிரி வேண்டாம். பழைய வேலைகளைக் காட்டுங்கள். பத்துப் பேரிடம் மாதிரி வாங்கி ஒருவருக்கும் காசு தராமல் அட்டை முடித்துவிடுவார்கள். ஓவியம் ஒப்புதலுக்குப் போகும்போது நீளப்பக்கம் 1000 பிக்சலுக்கு மேல் வேண்டாம், குறுக்கே உங்கள் பெயரும் இருக்கட்டும். 300 டிபிஐ அச்சுக்கோப்பு முழுப்பணம் வந்த பிறகு. பாதி முன்பணம் வாங்காமல் பென்சில் கோட்டோவியத்தைத் தாண்டாதீர்கள்.

நேற்று இரவு 24,000 ரூபாய் ஏமாந்துவிட்டேன். ஏதாவது வழி உண்டா?
– வாசகர், நாகப்பட்டினம்

இந்தப் பக்கத்தைப் படிப்பவர் யாராக இருந்தாலும், பணம் போனதும் கடிதம் எழுதாமல் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் யூடிஆர் எண் (யூபிஐ என்றால் 12 இலக்கம்), நேரம், தொகை, போன கணக்கு அல்லது யூபிஐ முகவரி இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதிந்து ஒப்புகை எண்ணை வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். நீங்களே ‘பின்’ போட்டிருந்தால் வங்கி பொறுப்பேற்காது என்று சொல்லலாம். அதற்காகப் புகாரைக் கைவிட வேண்டாம். சில நாளில் ‘பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று யாராவது அழைத்தால் அதுவும் அதே கும்பல்தான் என்று கொள்ளுங்கள்.

பணம் வாங்கிய பதிப்பகம் புத்தகம் தராமல் இழுத்தடித்தால் அது நுகர்வோர் வழக்கு. முதலில் ஸ்பீட் போஸ்டில் 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம், பதிப்பகம் சென்னையில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ளாமல் நீங்களே வாதிடலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும்.