ஸ்டேடின்ட் மலையும் சிவனொளிபாதமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்க மச்சான் நோர்வேயில நார்விக் பக்கம் வேலை செய்யுறாரு, வர்ற ஆகஸ்ட்ல என்னைய வரச்சொல்லி இருக்காரு. அங்க ஸ்டேடின்ட்னு ஒரு மலையோட போட்டோ அனுப்பினாரு, பாத்ததுலேர்ந்து அதே நெனப்புதான். உயரம் 1392 மீட்டர்தானாம். நான் வருஷா வருஷம் நல்லதண்ணி பக்கத்தால சிவனொளிபாதம் ஏறுறவன், அது 2243 மீட்டர். அப்ப இது ஈஸிதானே?
(மஸ்கெலியா வாசகர்)

பதில்: தம்பி, கோளாறே அந்த கணக்குலதான். நல்லதண்ணியில நீங்க பஸ்ஸ விட்டு இறங்குற எடமே 1200 மீட்டர் கிட்ட இருக்கு, ஆக நீங்க ஏறுறது ஆயிரம் மீட்டர் சொச்சம், அதுவும் படி, கைப்பிடி கம்பி, சீசன்ல ராத்திரி பூரா லைட்டு, வழி நெடுக கடையில பிளேன்டீ ரொட்டின்னு கெடைக்கும். ஸ்டேடின்ட் கடலோரத்துலேர்ந்தே கெளம்புது. கடல் உள்ள புகுந்து கெடக்குற பியோர்ட் தண்ணிக்கு பக்கத்துல காரை போட்டுட்டு ஆத்தோரமா ஏற ஆரம்பிச்சீங்கன்னா மொத்த உயரமும் உங்க கால்லதான், கடையும் இல்ல கண்ணியும் இல்ல.

கீழ்ப்பாதி நல்ல நடைதான், புதர், சதுப்பு, அப்புறம் ஒரு சின்ன ஏரி. அதுக்கு மேல பாறாங்கல் குவியல். அங்க கொஞ்சம் நிதானம் வேணும், மிதிக்கிற கல்லு ஆடுதான்னு முன்கால வச்சு பாத்துட்டுத்தான் வெயிட்ட மாத்தணும், மழை பேஞ்சா கல்லு மேல இருக்குற பாசி சோப்பு மாதிரி வழுக்கும். அப்படியே ஏறினா 1314 மீட்டர்ல ஹால்ஸ் ஃபோர்டாப்னு ஒரு முன்உச்சி வரும். ஹால்ங்கிற டென்மார்க்காரர் 1889ல அது வரைக்கும் வந்து திரும்பிட்டாரு, எடத்துக்கு அவர் பேரே நின்னுடுச்சு. 1904ல வந்த ஸ்லிங்ஸ்பிங்கிற இங்கிலீஷ்காரருக்கும் உச்சி கெடைக்கல, அவரு லேசுப்பட்ட ஆள் இல்ல, நோர்வேயோட மூணாவது பெரிய மலை 2405 மீட்டர் ஸ்டோரே ஸ்காகஸ்டோல்ஸ்டின்ட் உச்சியில 1876லயே மொதல்ல நின்னவரு. கடைசியா 1910ல ஷெல்டருப், ரூபன்சன், ப்ரின்னு மூணு நோர்வேக்காரங்கதான் ஸ்டேடின்ட் உச்சிய தொட்டாங்க, அதுல ரூபன்சன் 1907லயே இமயமலையில கப்ரு உச்சிக்கு கிட்ட போயிட்டு வந்தவரு. அப்பேர்ப்பட்ட ஆளுங்களுக்கே ஒரு வேலையா இருந்த எடம் அது.

ஏன்னா முன்உச்சிக்கும் உச்சிக்கும் நடுவுல இருக்குறது ஒரு ஒடுங்கின பாறை முதுகு, ரெண்டு பக்கமும் சரேல்னு கீழ. வழியில மீசோஸ்தென்னு ஒரு பெரிய பாறைக்கட்டி குறுக்க நிக்கும், நோர்வேக்காரங்க தின்னுற பழுப்பு சீஸ் பேர வச்சிருக்காங்க, அத விரலால புடிச்சு தாண்டுறப்ப காலுக்கு கீழ வெறும் காத்துதான். ரோப், அத மாட்ட இடுப்புல கட்டுற ஹார்னஸ், ஹெல்மெட், கூட பழக்கப்பட்ட கைட், எல்லாம் வேணும், திரும்பி வர்றப்ப ரோப்புல தொங்கி எறங்கவும் தெரியணும்.

அதனால நான் சொல்றது, ஹால்ஸ் ஃபோர்டாப் வரைக்கும் போங்க, அங்க உக்காந்து உச்சிய பாத்து போட்டோ எடுத்துட்டு எறங்குங்க. அதுக்கே ஒரு முழு நாள் போகும். 2002ல நோர்வேக்காரங்க ஓட்டு போட்டு ஸ்டேடின்டத்தான் தேசிய மலையா தெரிஞ்செடுத்தாங்க, கிட்டயிருந்து பாத்தா காரணம் புரியும். உச்சிக்கு போயே ஆகணும்னா மொத அங்கயே ரோப் பழகிட்டு கைட்டோட போங்க, மச்சான் கூட சும்மா ட்ரை பண்ணாதீங்க.

கேள்வி: ஸ்டேடின்ட் ஏற டிக்கெட் எவ்வளவு, பெர்மிட் எங்க எடுக்கணும்? ஹோர்டன் சமவெளி மாதிரி கேட்ல காசு கட்டணுமா?
(தலவாக்கலை வாசகி)

பதில்: ஒண்ணும் இல்லம்மா. 1957லேர்ந்து அங்க சட்டமே இருக்கு, பயிர் போடாத காட்டு மேட்டுல யாரும் நடக்கலாம், வீடுகளுக்கு 150 மீட்டர் தள்ளி டென்ட்டும் அடிக்கலாம். குப்பைய மட்டும் திரும்ப கொண்டு வந்துடணும். நம்ம மலையில சீசன் முடிஞ்சா கெடக்குற பிளாஸ்டிக்க நெனச்சா எனக்கு பேச வாய் வர மாட்டேங்குது.

கேள்வி: இங்க மலைநாட்டுல எங்க ப்ராக்டிஸ் பண்ணலாம்?
(ஹட்டன் வாசகர்)

பதில்: படி ஏறி ஏறி மூச்சு பழகும், ஆனா பாதம் பழகாது. ஹோர்டன் சமவெளியிலேர்ந்து 2388 மீட்டர் கிரிகல்பொத்தைக்கு போற பாதையில வேர், சேறு, கல்லு எல்லாம் இருக்கு, அது நல்லது. சிவனொளிபாதத்துலயே பண்ணணும்னா இரத்தினபுரி பக்கத்தால போங்க, அது நீளம். முக்கியமா எறங்குறதுக்கு பழகுங்க, தொடை நடுங்குறதும் முட்டி நோகுறதும் அப்பதான். புது சப்பாத்த அங்க கொண்டு போய் மொதல் தடவையா போடாதீங்க, இங்கயே ரெண்டு மாசம் போட்டு தேச்சிடுங்க. அட்டைக்கு உப்பு எடுத்துட்டு போறதெல்லாம் அங்க தேவைப்படாது, நுளம்புக்கு மட்டும் ஏதாவது வச்சுக்குங்க.