மலேசியாவில், கேமரன் மலையின் ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அக்கா மகனுக்கு 4 வயது, இன்னும் நடக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஓகேயூ அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை. அரசு கிளினிக்கில் விண்ணப்பப் பாரம் வாங்கி, மருத்துவரிடம் உறுதிப்படுத்தி, பிறப்புப் பத்திரத்தோடு ஜேகேஎம் (சமூக நல இலாகா) அலுவலகத்தில் கொடுங்கள். பதிவில் 7 பிரிவுகள் உண்டு. எது என்பதை மருத்துவர் குறிப்பார். "அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள்" என்று தோட்டத்தில் யாராவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், உதவித்தொகை கேட்கவும் அந்த அட்டைதான் வேண்டும்.

அப்புறம் பிடிகே, அதாவது சமூக மறுவாழ்வு மையம். 1984இல் திரங்கானுவின் பத்து ராகிட்டில் தொடங்கிய திட்டம் இது. தூரத்து மருத்துவமனையை மட்டும் நம்பாமல், ஊருக்குள்ளேயே பயிற்சி கொடுப்பதுதான் இதன் நோக்கம்.

உண்மையான சிக்கல் மலைப்பாதைதான். வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுப்பான், அக்காவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். அதனால் போகும் ஒவ்வொரு முறையும் தெரப்பிஸ்ட் செய்து காட்டுவதைக் கைப்பேசியில் படம் பிடிக்க அனுமதி கேளுங்கள். பாட்டியும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது செய்யும் பத்து நிமிடப் பயிற்சி, மாதம் ஒருமுறை இறங்கிப் போய் வருவதைவிடக் கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம்.

அக்காவையும் கொஞ்சம் கவனியுங்கள். வாரத்தில் ஒரு மாலை பிள்ளையை நீங்கள் வைத்துக்கொண்டால், அவர் நிம்மதியாகத் தூங்குவார்.