துப்பறியும் கதையில் பேய் வரலாமா?

ஐயா,

மகள் எழுத்தாளராக வேண்டும் என்கிறாள், அதிலும் காதல், கொலை, பேய் எல்லாவற்றையும் ஒரே கதையில் போட்டுக் குழப்புகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கவலை நியாயமானது. இரண்டாவது தேவையில்லை.

வெகுஜன நாவல் பலரைச் சென்றடைவது பெரும்பாலும் இப்படித்தான். கொலையாளி யார் என்று அறியப் படிப்பவர் ஒருவர். காதலர்கள் சேருவார்களா என்று பார்ப்பவர் இன்னொருவர். இரண்டு கேள்வியும் இருக்கும் புத்தகத்தை இருவருமே எடுப்பார்கள். ஒன்று தொய்யும் இடத்தில் மற்றது கதையை இழுத்துச் செல்லும். தொடர்கதை எழுதியவர்களுக்கு இந்தச் சூட்சுமம் அத்துப்படி.

அறிவியல் புனைகதையும் துப்பறியும் கதையும் ஒட்டவே ஒட்டாது என்று கருதியவர் பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல். துப்பு கிடைக்காதபோது துப்பறிபவர் புதுக் கருவி ஒன்றை எடுத்து நீட்டிவிடலாமே என்பது அவர் வாதம். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் இதை ஏற்கவில்லை. 1954இல் நூலாக வந்த அவருடைய 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' நாவலில் ரோபோ எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது வாசகருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. கொலை மர்மம் அந்த விதிகளுக்குள்ளேயே அவிழ்கிறது.

உங்கள் மகளின் பேய்க்கும் இதே சட்டம்தான். தாராளமாக வரட்டும். ஆனால் கடைசி அத்தியாயத்தில் திடீரென்று தோன்றிக் கொலையாளியைக் காட்டிக்கொடுத்தால் படிப்பவருக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். அவளிடம் ஒன்று கேளுங்கள்: கொலையாளி அகப்பட்டதும் கதை முடிகிறதா, காதலர்கள் சேர்ந்ததும் முடிகிறதா? பதில் சொல்லத் தடுமாறினால்தான் குழப்பம். பதிப்பாளரும் இதைக் கேட்பார். புத்தகத்தை எந்தப் பிரிவில் வைத்து விற்பது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும்.

இனி பிழைப்பு. அந்த நாவல் வந்த காலத்தில் அசிமோவ் பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தார். முழுநேர எழுத்துக்கு மாறியது 1958இல்தான். ஆகவே பட்டம் வேண்டும். அது இலக்கியமாகவே இருக்க வேண்டியதில்லை; சட்டமும் உளவியலும் கதைக்கு நல்ல சரக்கு தரும். இரண்டு வகைகளைத் தையல் தெரியாமல் இணைக்கத் தெரிந்தவருக்குத் திரைக்கதை, வெப் தொடர், வீடியோ கேம் ஆகிய துறைகளிலும் வேலை உண்டு.

என்னை உறுத்துவது வேறு. அவள் தொடங்கிய கதைகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். முடித்த கதை ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. கல்லூரி விண்ணப்பம் போடுவதற்குள் ஒரு சிறுகதையையாவது முடித்து, வீட்டாருக்கு வெளியே யாரிடமாவது படிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள்.