ஃபயரிங் பின் இல்லாத .303 ரைஃபிள் வாங்கலாமா? – பதில்

ராயபுரம் சகோ, பழைய வண்ணாரப்பேட்டை வியாபாரி ஒருத்தர் ".303 ரைஃபிள், ஃபயரிங் பின் கழட்டியாச்சு, ஷோகேஸ்ல வைக்க லைசென்ஸ் வேணாம்"னு சொன்னதா எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.

1959 ஆயுதச் சட்டம் 45-வது பிரிவுல விலக்கு இருக்கு, உண்மைதான். ஆனா ரிப்பேர் செஞ்சாலும் சுடவே முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான் அது பொருந்தும். ஃபயரிங் பின்ங்கிறது தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற ஒரு சின்ன உதிரி பாகம், வேற போட்டுடலாம். அப்போ சட்டத்தின் கண்ணுல அது துப்பாக்கிதான். அதுவும் ராணுவத் தோட்டா ஏறுற .303-ஐ தடைசெய்யப்பட்ட 'போர்' (bore, குழல் விட்டம்) வகையாத்தான் பார்ப்பாங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் தடை ஆயுதம் வெச்சிருந்தா குறைஞ்சது 7 வருஷம், 14 வரைக்கும் போகலாம். வீட்ல இருக்கிறவங்களையும் நினைச்சுப் பாருங்க.

போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுற பாகம்) கைப்பிடிக்குக் கீழே, பின்பக்க மரக்கட்டை ஆரம்பிக்கிற இடத்துல இருக்கிற இரும்பு வளையத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. இஷாப்பூர் அரசு துப்பாக்கித் தொழிற்சாலையில செஞ்சதுன்னா பேரும் வருஷமும் பொறிச்சிருக்கும். 'டிபி' முத்திரை இருந்தா டிரில் பயிற்சிக்கு ஒதுக்கினது. அந்த முத்திரையை மட்டும் நம்பாதீங்க; தேய்ஞ்சு போனதால ஒதுக்கினதுக்கும் அதைத்தான் குத்துவாங்க. விலக்கு பொருந்தணும்னா பேரல், சேம்பர் (தோட்டா உட்காருற அறை), போல்ட் மூணுமே திரும்பச் சரிசெய்ய முடியாதபடி வெட்டியோ வெல்டு வெச்சோ இருக்கணும்.

எங்கிருந்து வந்ததுன்னு காகிதம் காட்டாதவர்கிட்ட பேச்சையே நிறுத்திடுங்க. காகிதம் இருந்தா, நகலோட வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துல எழுதிக் கேளுங்க. எழுத்துல பதில் வந்தப்புறம் பணத்தைப் பத்திப் பேசலாம்.