Re: மினசோட்டா மாநில மாநாட்டுக்குப் பிரதிநிதியாகத் தேர்வாக என்ன செய்வது?

வருடக்கணக்கில் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டவர் நீங்கள். மாநில மாநாட்டுக்கான பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் செனட் மாவட்ட (மாநில செனட் தொகுதி) மாநாட்டில் யாரையும் தெரியாதே என்று தயங்க வேண்டாம். அங்கே ஜனநாயகக் கட்சி (மினசோட்டாவில் அதன் பெயர் டி.எஃப்.எல்.) பின்பற்றும் முறை புதியவருக்குச் சாதகமானது.

வேட்பாளர் அல்லது பிரச்சினையின் பெயரில் ஆட்கள் குழுக்களாகப் பிரிந்து நிற்பார்கள். வந்திருப்பவர்கள் 120 பேர், பிரதிநிதி இடங்கள் 12 என்றால், ஒரு குழு நிலைக்கக் குறைந்தது 10 பேர் வேண்டும். எண்ணிக்கை சேராத குழு கலைந்துவிடும், அதிலிருந்தவர்கள் வேறு குழுவுக்கு நகரலாம். நிலைக்கும் குழுக்கள் தங்கள் அளவுக்கேற்ப இடங்களைப் பெற்று, அவற்றுக்குத் தங்களுக்குள்ளேயே ஆட்களைத் தேர்ந்தெடுக்கும். ஆகவே நீங்கள் மொத்த அரங்கையும் வெல்ல வேண்டியதில்லை. உங்கள் குழுவுக்குள் வென்றால் போதும்.

பெரிய குழுவில் ஓர் இடத்துக்குப் பலர் மோதுவார்கள். உங்களுக்கு உண்மையிலேயே முக்கியமான விஷயம் வீட்டு வாடகையோ பள்ளியோ, அதன் பெயரில் நீங்களே ஒரு குழு தொடங்குங்கள். முன்கூட்டியே பதினைந்து பேரிடமாவது தொலைபேசியில் பேசிவிடுங்கள், சிலர் வராமல் போவார்கள். கலையும் குழுக்களிடம் உடனே போய்ப் பேச ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், குழுவில் பேச நேரம் கிடைத்தால் கொள்கையை விட நீங்கள் நடந்த தெருக்களைச் சொல்லுங்கள். அந்த உழைப்புக்கு இந்த இடம் நியாயமாகவே உரியது.

பயணம், தங்கும் செலவு பெரும்பாலும் நம்முடையதுதான். அதையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.