உப்புத் தண்ணீர் குடிக்கும் எலி

அன்புள்ள அக்கா,

என் மனைவிக்கு மூன்று வருடத்தில் 14 கிலோ கூடிவிட்டது. டென்ஷன்தான் காரணம் என்கிறாள். எனக்கென்னவோ வாய்க்கட்டு இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆய்வகத்தில் குண்டு எலிகளின் சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியை எடுத்ததும் அவை மேலும் பருக்கவில்லை என்று படித்தேன். அந்தச் சுரப்பி டென்ஷனில் கூடுதலாக விடும் ஹார்மோனான கார்டிசாலைக் குறைக்கும் பொடி ஏதாவது உதவுமா? ரத்தப் பரிசோதனையில் கார்டிசால் நார்மல் என்றே வந்தது.

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

பொடியைத் தூக்கிப் போடுங்கள். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. திடீர் எடை ஏற்றத்துக்கு என்ன காரணம் என்று ஹார்மோன் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

நீங்கள் சொன்ன எலி பல நாட்களாக என் மனதிலும் இருக்கிறது. ஸுக்கர் எலி என்று பெயர். லோயிஸ் ஸுக்கரும் தியோடர் ஸுக்கரும் 1961-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கண்டறிந்த வகை. உடலில் சேரும் கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோன் மூலம் மூளைக்குச் சேதி அனுப்பும். இந்த எலிக்கு அந்தச் சேதியை வாங்கும் இடமே பிறவியிலேயே பழுது. அதனால் எவ்வளவு தின்றாலும் பசி. கூடப் பிறந்த குட்டிகள் ஒல்லியாக ஓடும்போது இது உருண்டு கிடக்கும்.

அட்ரீனலை எடுத்தால் அதே எலி குறைவாகத் தின்கிறது, கொழுப்பு சேர்வதும் அடங்குகிறது. எலிகளுக்குக் கார்டிசாலின் இடத்தில் இருப்பது கார்டிகோஸ்டிரோன். அதை ஊசியில் திருப்பிக் கொடுத்தால் மறுபடி தின்னத் தொடங்கிவிடும். சுரப்பி போனதும் உடம்பில் உப்பு தங்காது என்பதால் கூண்டில் உப்புத் தண்ணீர் வைப்பார்கள். வைக்காவிட்டால் செத்துப்போகும். யோசித்துப் பாருங்கள் தம்பி, அந்த எலிக்கு வாய்க்கட்டு யார் சொல்லிக்கொடுத்தது?

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் அத்தைக்கு வீசிங். ஒரு மருத்துவர், உடம்புக்குள் கார்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதே சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டார். முகம் உருண்டது, பிடரியில் சதை திரண்டது, கையும் காலும் மட்டும் குச்சியாக. ராத்திரி எழுந்து போய்ப் பானையில் கிடக்கும் சோற்றை அள்ளித் தின்பார். பாட்டி பானையை ஒளித்து வைத்துவிட்டு, என்னைக் காவல் வைத்தார். நான் ஒவ்வொரு நாளும் காலையில் கோள் சொன்னேன். அத்தை ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அது மாத்திரை கிளப்பிய பசி என்று எனக்குத் தெரிந்தபோது அவர் இல்லை. (அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. யாராவது எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.)

சரி, ‘ரத்தத்தில் நார்மல்’ என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். 2001-ல் பாஸ்டனில் ஒரு சுண்டெலியை உருவாக்கினார்கள். செயலற்றுக் கிடக்கும் ஹார்மோனைக் கார்டிகோஸ்டிரோனாக மாற்றும் நொதி ஒன்று உண்டு. அது கொழுப்புத் திசுவில் மட்டும் அதிகமாக உருவாகும்படி மரபணுவைச் சேர்த்தார்கள். உடம்பெங்கும் ஓடும் ரத்தத்தில் ஹார்மோன் அளவு ஏறவில்லை, கொழுப்புக்குள் ஏறியது. அதுவே போதுமாக இருந்தது. வயிற்றுக்குள் கொழுப்பு கட்டியது, பசி கூடியது, சர்க்கரை நோயும் வந்தது. அந்தச் சுண்டெலியின் ரத்தத்தை உங்கள் லேபுக்கு அனுப்பியிருந்தால் ‘நார்மல்’ என்றுதான் சீட்டு வந்திருக்கும். நீங்களும் அதைத் திட்டியிருப்பீர்கள்.

டென்ஷன் வந்தால் எல்லா உயிரும் பருத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. டென்ஷன் ஏற்றுவதற்காகக் குழாய்க்குள் அடைத்து வைத்த எலி வழக்கமான தீனியைக் குறைத்து இளைத்துத்தான் போகிறது. ஆனால் பக்கத்திலேயே பன்றிக் கொழுப்பும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்தால், தின்பதில் அவற்றின் பங்கைக் கூட்டிக்கொள்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் மேரி டால்மனின் குழு 2003-ல் இதை விரிவாக எழுதியது. அப்படித் தின்னும்போது மூளையில் அழுத்தத்தைக் கிளப்பும் சுரப்பே தணிகிறது என்பது அவர்கள் கருத்து. அந்த எலி தேடுவது கொஞ்சம் நிம்மதியை.

மனைவி ‘டென்ஷன்’ என்று சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். என்ன டென்ஷன் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மூன்று வருடமாகக் கேட்கவே இல்லையா? இன்று ராத்திரி கேளுங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டைப் பார்க்காமல் இருங்கள்.

அன்புடன்,
அக்கா