தங்கையின் பிள்ளைக்கு வெறும் வெள்ளி, ஊரார் பிள்ளைக்கு முலாமா?

கேள்வி: புதுக்குடியிருப்பில் அப்பாவின் நகைப் பட்டறையை நடத்துகிறேன். றோடியம் என்ற வெண்ணிற உலோகத்தால் முலாம் பூசி விற்ற வெள்ளிக் கொலுசுகள் சில மாதங்களிலேயே கறுத்துத் திரும்பி வருகின்றன. காணி உறுதியை ஈடு வைத்து விலைகூடிய றோடியக் கரைசல் வாங்கினால் முலாம் நிலைக்குமா? அப்பா முலாமே வேண்டாம் என்கிறார். தங்கையின் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாளுக்குச் செய்த காப்புக்கு நானும் முலாம் பூசவில்லைத்தான். ஆனால் வாங்க வருபவர்கள் பளபளப்பைத்தானே கேட்கிறார்கள்?

பதில்: தம்பி, கரைசலைப் பற்றி எழுதிய நீங்கள், அந்தக் காப்பை ஏன் வெறும் வெள்ளியில் விட்டீர்கள் என்பதை எழுதவில்லை. முலாம் தேயும், கறுக்கும், தங்கையின் முன் தலைகுனிய நேரும் என்பது உங்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஊரார் பிள்ளைகளின் கால்களுக்கு அதைப் பூசி விற்றிருக்கிறீர்கள். தாய்மாமனின் கடமையைக் குறையில்லாமல் செய்த கை, பத்தரின் கடமையில் மட்டும் ஏன் பின்வாங்கியது? 2009இல் கழுத்திலும் கையிலும் இருந்ததையெல்லாம் இழந்து மீண்ட மண்ணில், வயற்கூலியில் மிச்சம் பிடித்து மகளுக்குக் கொலுசு வாங்கும் தாயும் உங்களுக்குத் தங்கை முறைதான்.

பழியைக் கரைசலின்மீது போடாதீர்கள். றோடியம் கறுப்பதில்லை; கறுப்பது அதன் கீழுள்ள வெள்ளி. நகைக்குப் பூசும் முலாம் பெரும்பாலும் ஒரு மைக்கிரோனிலும் குறைந்த தடிப்பு உடையது. அதன் நுண்துளைகள் வழியாகவும், உராய்ந்து தேய்ந்த இடங்கள் வழியாகவும் கந்தகச் சேர்வைகள் உள்ளே சென்று, வெள்ளியையும் 925 வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) கலந்துள்ள செம்பையும் கறுக்க வைக்கின்றன. இதைத் தடுக்கவே இடையில் நிக்கலோ பல்லேடியமோ ஒரு படையாகப் பூசுவார்கள். அந்த இடைப்படையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. நிக்கல் மலிவானது, ஆனால் சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கும். பிள்ளைகளின் நகைக்கு அதை நான் ஒப்பமாட்டேன். கரைசலில் கிணற்று நீரைச் சேர்ப்பவரானால் அதையும் நிறுத்துங்கள். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். பற்றாசு வைத்து ஊதி ஒட்டும் வேலை அனைத்தும் முலாமுக்கு முன்னரே முடிந்திருக்கவேண்டும்.

கடன் எடுக்கவே கூடாது. றோடியம் பெரும்பாலும் தென்னாபிரிக்காவில் பிளாட்டினத்தோடு சேர்ந்து கிடைப்பது. உலகில் அதை மிகுதியாக வாங்குவோர் வாகனப் புகையைச் சுத்திகரிக்கும் கருவி செய்பவர்கள், நகைக்காரர் அல்லர். 2021இல் ஓர் அவுன்ஸ் 29,000 டொலரையும் தாண்டிய அதன் விலை 2023இல் 5,000 டொலருக்கும் கீழே விழுந்தது. இப்படி ஏறி இறங்கும் பொருளை நம்பி, பெற்றவர் காத்துவைத்த காணியை ஈடு வைப்பது பிள்ளை செய்யும் காரியமா?

அப்பாவின் சொல்லைப் பழங்காலப் பேச்சென்று ஒதுக்கியிருக்கிறீர்கள். அவர் மெருகிட்ட வெள்ளி மங்கினால் ஒரு தாய் அதை வீட்டிலேயே துலக்கிக்கொள்வாள். திட்டுத்திட்டாகத் தேய்ந்த முலாமுக்கு அவள் மறுபடியும் உங்களிடம்தான் காசோடு வரவேண்டும்.

திரும்பி வந்த கொலுசுகளின் முலாமை நீக்கி, மெருகிட்டு, கூலி வாங்காமல் நீங்களே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். இனி முலாம் கேட்டு வருபவருக்கு, அது தேயும் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதியே விற்பனை செய்யுங்கள். காணி உறுதியை இன்றைக்கே அப்பாவின் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.